சிவப்புப் பொட்டு வைத்த குவளை

மழை வருமோ வராதோ என்று வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே நம் மன்றத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கியிருப்பவரும், ஊருக்கெல்லாம் உடுத்தத் துணி விற்றுவிட்டுத் தமக்கு இரண்டே வெள்ளைச் சட்டையோடு காலம் தள்ளுபவருமாகிய பெரியவர் சேக் தாவூது அவர்களே! என்னைப் பேச அழைத்த வாய் மூடுமுன்னே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட மன்றச் செயலாளர், அருமைத் தம்பி அஸ்மத் அவர்களே! முன்வரிசையில், முதுகு சாய முடியாத மர நாற்காலியில், முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அரை வயிற்றோடு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் கடையோர ஐந்தடி நடைபாதையில் தூணுக்குத் தூண் சாய்ந்து நிற்கும் துறைமுகத் தோழர்களே! வேலை முடிந்து வந்தவர்களே, வேலைக்குப் போக வேண்டியவர்களே, என்னைப் போலவே களைத்துப் போனவர்களே! உங்கள் எல்லாரையும் சிராங்கூன் சாலைத் தையற்காரன் வேலாயுதம் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

என்ன? கேட்கவில்லையா? ஐந்தடியிலிருந்து ஒரு தோழர், “மைக்க வாய்க்கிட்ட வைங்க லா, ஒண்ணும் கேக்கல!” என்று கத்துகிறார். இதோ, கிட்ட வைத்துவிட்டேன். இப்போது கேட்கிறதா? நல்லது. ஒலிபெருக்கித் தம்பி, விளக்குக் கம்பத்தில் கட்டியிருக்கும் அந்தக் குழாயை மட்டும் திருப்பிவிடாதே. அது டன்லப் வீதிப் பக்கம் பார்த்தபடியே இருக்கட்டும். நான் சொல்லித்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் பெரியோர்களே, எனக்கு இன்று பேச மனமில்லை. தீபாவளி வாசலுக்கு வந்துவிட்டது. காலையில் மிதிக்கத் தொடங்கிய தையல் இயந்திரத்தை இந்த மேடை ஏறும் வரையில் மிதித்திருக்கிறேன். இது காலா, கட்டையா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது கால் வலியை அல்ல. கால் வலி தூங்கி எழுந்தால் போய்விடும். எனக்கு வாய் வலிக்கிறது ஐயா, வாய்!

ஆண்டுதோறும் இதே மேடை. ஆண்டுதோறும் இதே மாலை. ஆண்டுதோறும் இதே தலைப்பு. “அன்றாட வாழ்வில் அன்பு.” போன ஆண்டும் இதைத்தான் பேசினேன். அதற்கு முந்தைய ஆண்டும் இதைத்தான் பேசினேன். அன்பு என்றேன், அருள் என்றேன், ஈரம் என்றேன், இரக்கம் என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள், நான் கைகூப்பினேன். மாலை வாடியது, மறுநாள் எல்லாம் பழையபடியே நடந்தது. சொன்னவனுக்கும் சுரணை இல்லை, கேட்டவர்களுக்கும் கவலை இல்லை. இதற்கு எதற்கு மேடை? இதற்கு எதற்கு மின்விளக்கு? இதற்கு எதற்கு, பாவம், தாய்மார்கள் அரை வயிற்றோடு வந்து உட்கார வேண்டும்?

தலைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். பயப்படாதீர்கள் ஐயா, விழாவைக் கெடுக்க மாட்டேன். கொஞ்சம் புலம்பிவிட்டுப் பேச்சுக்கு வந்துவிடுவேன்.

தொண்டை வறள்கிறது. தம்பி அஸ்மத் வெள்ளித் தம்ளரில் சோடா கொண்டு வருகிறார். வேண்டாம் தம்பி, அதைத் தலைவருக்குக் கொடுங்கள். நான் என் குவளையைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். இதோ, அடியில் கைக்குட்டை சுற்றி வைத்திருக்கிறேனே, இதுதான். இதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், போதும். கைக்குட்டை எதற்கு என்று கேட்கிறீர்களா? அதையும் பிறகு சொல்கிறேன். இன்று எல்லாமே பிறகுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாடா. இப்போது கேளுங்கள்.

டன்லப் வீதியில் தனசேகரன் அண்ணனின் கோப்பிக் கடையை அறியாதவர் இங்கே யார்? இன்று விழா முடிந்ததும் நமக்கெல்லாம் கோப்பி தரப் போகிறவரும் அவர்தான். அதோ, கடைசி வரிசைக்குப் பின்னால் தோளில் துண்டோடு நிற்கிறார். வணக்கம் அண்ணே! அந்தக் கடைக்கு மேலே மாடியில் ஆண்கள் தங்கும் விடுதி. நீளமாக ஓர் அறை. அறைக்குள் பலகைத் தடுப்புகள். தடுப்புக்கு ஒரு கட்டில். கட்டிலுக்கு இரண்டு பேர். ஒருவர் இரவில் படுப்பார், ஒருவர் பகலில் படுப்பார். கட்டிலுக்கு மட்டும் ஓய்வே கிடையாது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அப்படிப் படுத்து எழுந்து, பாடுபட்டுப் பிழைத்து, பிள்ளைகுட்டிகளை வரவழைத்தவர்கள்தாம். சிரிக்கிறீர்களே, தெரிகிறது.

அங்கே சன்னலோரக் கட்டில் இரண்டு பேருக்கு. ஒருவர் மருதப்பன். துறைமுகப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் இரவுக் காவல். இன்னொருவர் நாகூர் கனி. மளிகைக் கடையில் பகல் வேலை. காலையில் மருதப்பன் படி ஏறி வருவார், கனி படி இறங்கிப் போவார். அந்தப் படிக்கட்டில்தான் அவர்கள் சந்திப்பு.

“வந்தாச்சாண்ணே?”

“ஆச்சு. கெளம்பிட்டியா?”

“கெளம்பிட்டேன்.”

இவ்வளவுதான் பேச்சு. ஆண்டுக்கணக்கில் இவ்வளவுதான் பேச்சு! மேடை இல்லை, மாலை இல்லை, தலைப்பு இல்லை.

ஆனால் செயல்? செயலைக் கேளுங்கள். கனி எழுந்ததும் தலையணையைத் திருப்பிப் போடுவார். ஏன்? இரவு முழுக்கத் தம் தலை பட்ட பக்கம் சூடாக இருக்கும். விடிய விடிய விழித்துவிட்டு வருகிறவருக்குக் குளிர்ந்த பக்கம் மேலே இருக்கட்டுமே என்று. மாலையில் மருதப்பன் எழுந்ததும் கட்டிலை ஈரத்துணியால் துடைத்து, மண்கூஜாவில் தண்ணீர் நிரப்பி, மூடிவைத்துவிட்டுப் போவார். நோன்பு மாதம் வந்தால் கனியால் கடையை விட்டு நேரத்தோடு வர முடியாது. வருவதற்குள் பள்ளிவாசலில் கஞ்சி தீர்ந்துவிடும். ஆகவே நெற்றி நிறையத் திருநீறு பூசிய மருதப்பன், கையில் தூக்குச் சட்டியோடு பள்ளிவாசல் முற்றத்தில் வரிசையில் போய் நிற்பார். “யாருக்குண்ணே கஞ்சி?” என்று கேட்டால் என்ன சொல்வார் தெரியுமா? “எங்க கட்டிலுக்கு!” என்பார்.

எங்கள் கட்டிலுக்கு! ஒரே வீட்டில் பிறந்தவர்கள் “எங்கள் வீடு” என்பார்கள். ஒரே ஊரில் பிறந்தவர்கள் “எங்கள் ஊர்” என்பார்கள். ஒரு கட்டிலை வைத்துக்கொண்டு உறவு கொண்டாடிய மனிதர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தலையணையைத் திருப்பிப் போட என்ன படிப்பு வேண்டும்? என்ன பதவி வேண்டும்? எவர் தலைமை வேண்டும்? கைதட்டாதீர்கள், தயவுசெய்து கைதட்டாதீர்கள். நான் இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.

ஒரு சமயம் மருதப்பன் தலையணை உறையைத் தினமும் துவைத்துக் காயப்போடத் தொடங்கினார். கனி பார்த்தார். “நம்ம மேல எவ்வளவு பிரியம்! தினமும் துவைச்ச உறையில படுக்க வைக்கிறாரே” என்று பூரித்துப் போனார். அடப் பாவமே! உறையில் இருந்தது இரத்தக் கறை. இருமல், இருமலோடு இரத்தம். வெளியே சொன்னால் வேலை போய்விடும், கட்டில் போய்விடும் என்று மருதப்பன் மறைத்தார். அது தவறுதான். “தப்புதாண்ணே, கனிக்கு ஒட்டியிருந்தா நான் உசிரோட இருந்திருக்க மாட்டேன்” என்று அவரே என்னிடம் சொல்லி அழுதார். ஒரு நாள் காலையில் படி ஏற முடியாமல் பாதிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இறங்கி வந்த கனி, வேலையை மறந்து, கைத்தாங்கலாகப் பிடித்து, டாக்சியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனார். எலும்புருக்கி நோய். பெயரைச் சொல்லவே நாம் நாக்கைக் கடித்துக்கொள்ளும் நோய்.

கனியையும் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டவன் புண்ணியத்தில் அவருக்கு ஒன்றுமில்லை. மருதப்பன் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். விடுதிக்காரர் பகல் படுக்கைக்கு வேறு ஆள் பார்த்தார்.

“ஆள் இருக்காரு” என்றார் கனி.

“எங்கய்யா இருக்காரு?”

“வருவாரு.”

அந்தப் பகல் வாடகையையும் தாமே கட்டினார். அதோடு நின்றாரா? தினமும் காலையில் எழுந்து, வராத மனிதருக்காகத் தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பைத்தியம் என்றார்கள். என்ன சொன்னாலும் கனி நிறுத்தவில்லை.

மருதப்பன் வந்தார்! ஊசி போட்டு, மாத்திரை விழுங்கி, உடம்பு தேறி, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்து, இந்த ஆண்டு திரும்பி வந்தார். “இனிமேல் உன்னால் யாருக்கும் பரவாது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு, வேலைக்குப் போ, எல்லாரையும் போல இரு” என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். எல்லாரையும் போல! மாதக்கணக்காக அவர் அந்தச் சொல்லுக்குத்தான் காத்துக் கிடந்தார். அந்தச் சொல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவது போல மகிழ்ச்சியாக வந்தார். பையை மாடியில் வைத்துவிட்டு, நேரே கீழே கடைக்குப் போய், “தனசேகரண்ணே, ஒரு கோப்பி” என்றார்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று வேலை வந்துவிட்டது. ஒருவருக்கு நேரமாகிவிட்டது. ஒருவருக்கு வெற்றிலை வாங்க வேண்டியிருந்தது. ஒருவர் குடித்துக்கொண்டிருந்த கோப்பியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்கே போய்விட்டார். பெஞ்சு முழுவதும் மருதப்பனுக்கே. கோப்பியும் வந்தது. சூடாக வந்தது, பால் கூடுதலாக வந்தது. ஆனால் அந்தக் கண்ணாடிக் குவளையின் அடியில் கட்டை விரல் அளவுக்குச் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு. மற்றவர்கள் குவளையில் அது இல்லை.

மருதப்பன் குவளையைச் சுழற்றிப் பார்த்தார். மற்ற மேசைகளைப் பார்த்தார். புரிந்துகொண்டார். குடித்தார். தாமே எழுந்து போய்க் குழாயடியில் கழுவினார். மற்ற குவளைகளோடு வைக்கக் கையை நீட்டியவர், நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, சன்னலோரத்தில் தனியே கவிழ்த்து வைத்தார். அங்கே வை என்று யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் குவளைக்கு அதுவே இடம்.

தனசேகரன் அண்ணே, தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல நான் இங்கே ஏறவில்லை. உங்களிடம் நான் நேரில் வந்து கேட்டேனே, நீங்கள் சொன்னதை அப்படியே சபைக்குச் சொல்கிறேன். “வேலாயுதம், அவரு திரும்பி வர்றாருன்னு தெரிஞ்சதுமே, கடைப்பக்கம் வரவேணாம்னு சொல்லச் சொல்லி எல்லாரும் என்ன நெருக்குனாங்க. எனக்கு மனசு வரல. அதான் தனிக் கிளாஸ் வச்சேன். இப்ப மத்தவங்களும் வர்றாங்க, அவரும் வர்றாரு. நான் நல்லதுதான செஞ்சேன்?” என்றார்.

கேட்டீர்களா? இது வெறுப்பால் வைத்த பொட்டு அல்ல பெரியோர்களே, இரக்கத்தால் வைத்த பொட்டு! விரட்ட மனமில்லாத ஒரு நல்ல மனிதர், விரட்டாமல் இருப்பதற்காக வைத்த பொட்டு. அதனால்தான் எனக்கு இவ்வளவு களைப்பு. கெட்டவனைத் திட்ட வேண்டும் என்றால் நாக்குத் தானாகப் புரளும். நல்லவர்கள் கூடி, நல்லது என்று நினைத்து, நாலு பேர் நன்மைக்காக ஒருவரை ஒதுக்கிவைத்தால், அதை எதிர்த்து நான் எந்தத் தமிழில் பேசுவது?

தனிக் குவளை! இந்தச் சொல்லைக் கேட்கும்போது உங்களில் எத்தனை பேருக்கு நெஞ்சில் முள் தைக்கிறது? அக்கரையில், நம் ஊர்த் தேநீர்க் கடை வாசலில், ஆணியில் தொங்கிய தனிக் குவளையைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதில் குடித்தவர்களும் இருக்கிறீர்கள். நான் குடித்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவன் நான் இல்லை. அந்தக் குவளையே வேண்டாம் என்றுதானே கப்பல் ஏறினோம்? ஆழி கடந்தோம். அலை கடந்தோம். அயலார் மொழி கற்றோம். ஒரு குவளையின் விளிம்பைக் கடக்க நம்மால் முடியவில்லையா? யாருடைய தகரப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு ஐயா, அந்தக் குவளை நம்மோடு கப்பலில் வந்தது?

யார் அது? பூக்கார முத்தாயி அக்காவா? எழுந்து சொல்லுங்கள் அக்கா, மேடையில் பேசுகிறவனுக்கு மட்டும்தான் வாய் என்று சட்டமில்லை. சபையோருக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். அக்கா சொல்கிறார்: “அது வேற, இது வேற தம்பி! அது சாதித் திமிரு, இது நோவு. நாங்க புள்ளகுட்டிக்காரங்க. ஒட்டிக்கிட்டா நீ வந்து பாப்பியா?”

நியாயமான கேள்வி. சிரிக்காதீர்கள், அக்கா கேட்டதில் சிரிக்க ஒன்றுமில்லை. பயம் பாவமில்லை அக்கா. பிள்ளையைப் பெற்றவளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். நோய் இருந்தபோது மருத்துவரே அவரைத் தனியாகத்தான் வைத்திருந்தார். அது முறை. நான் கேட்பதெல்லாம், நோய் போன பிறகும் பயம் ஏன் போகவில்லை என்பதுதான். என் பேச்சை நம்ப வேண்டாம். நானும் கனியும் போய் அந்த மருத்துவரையே கேட்டோம். “அந்தக் கடை எங்கே இருக்கிறது சொல்லுங்கள், நானே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கிறேன்” என்றார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சரி. இப்போது முந்தாநாள் நடந்ததற்கு வருகிறேன். நாகூர் கனி என் கடைக்கு வந்தார். பெருநாள் சட்டைக்கு இப்போதே அளவு கொடுக்க வந்திருக்கிறார் போல என்று நான் நாடாவை எடுத்தேன்.

“சட்டை வேணாம்ணே. மருதப்பண்ணன் போறாரு.”

“எங்கே?”

“ஜொகூருக்கு. அங்க ரப்பர் தோட்டத்துல வேல கெடச்சிருக்காம். உட்லண்ட்ஸ் பாலத்தத் தாண்டிட்டா என்ன யாருக்கும் தெரியாது, எல்லாரும் குடிக்கிற கிளாஸ்ல நானும் குடிப்பேங்கிறாரு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கிறாரு.” கனி என் தையல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “அவரு போயிட்டா, நான் யாருக்குண்ணே தலகாணிய திருப்பிப் போடறது?”

ஆண்டுதோறும் அன்பைப் பற்றி அடுக்கு அடுக்காக அள்ளி வீசுகிறவன் நான். எடுத்த நாடாவைத் திரும்பச் சுருட்டத்தான் எனக்குத் தெரிந்தது. கனி இடுப்பிலிருந்து ஒரு பழைய செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். “கடையிலேர்ந்து எடுத்துட்டு வந்துட்டேன். திருட்டுதான். ஞாயித்துக்கெழம நீங்க மேடையில பேசப் போறீங்கல்ல, இத வச்சுக்கிட்டுப் பேசுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெயரைச் சொல்லிப் பேசலாமா என்று கேட்க மாடிக்குப் போனேன். மருதப்பன் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். “தாராளமா சொல்லுங்க, ஊருக்கே தெரிஞ்சதுதான? ஆனா ஒண்ணு. தனசேகரண்ணன மட்டும் திட்டிப்புடாதீங்க. நான் திரும்பி வந்தன்னிக்கு, கேட்டதும் கோப்பி குடுத்தது அவரு ஒருத்தருதான்” என்றார்.

தனசேகரன் அண்ணே, இதுவும் உங்கள் காதில் விழட்டும்.

இப்போது நான் பிறகு சொல்கிறேன் என்றதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழாய் ஏன் டன்லப் வீதியைப் பார்க்கிறது? மருதப்பன் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடுமே என்று வரவில்லை. அந்த மாடிச் சன்னலோரக் கட்டிலில்தான் இந்நேரம் உட்கார்ந்திருக்கிறார். நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது. முத்தாயி அக்கா சொன்னதை நான் திருப்பிச் சொன்னேனே, அதுவும் கேட்டிருக்கும். நாளைக் காலை முதல் பேருந்தில் அவர் போகிறார்.

இந்தக் கைக்குட்டை எதற்கு? இதோ, எடுத்துவிட்டேன். பின்வரிசைக்குத் தெரிகிறதா? தூக்கிப் பிடிக்கிறேன், பாருங்கள். சிவப்புப் பொட்டு! இதில்தான் மருதப்பன் தினமும் குடித்தார். இதில்தான் நான் இவ்வளவு நேரம் உங்கள் கண்ணெதிரே குடித்தேன்.

முன்வரிசையில் நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்கிறது. நகருங்கள், பரவாயில்லை. யாரையும் இதில் குடிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். இது வீரம் காட்டுகிற மேடை இல்லை. எனக்கு அதற்குத் தெம்பும் இல்லை. நான் கேட்பது மிகவும் சின்னது. நாளைக் காலை அவர் பெட்டியோடு படி இறங்குவார். கடை திறந்திருக்கும். அவர் உட்காருகிற பெஞ்சில் பக்கத்தில் போய் யாராவது உட்காருங்கள். அறிவுரை வேண்டாம், ஆறுதல் வேண்டாம், அடுக்குமொழி வேண்டவே வேண்டாம். உட்கார்ந்தால் போதும். போவதும் இருப்பதும் அவர் விருப்பம். ஆனால் போனால், பிழைப்புக்காக ஊர் மாறுகிற மனிதராகப் போகட்டும். நம்மால் ஒதுக்கப்பட்டவராக அந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டாம். கனி காலையில் எழுந்து தலையணையைத் திருப்பிப் போட்டாரே, அந்த அளவுக்குத்தான் நான் கேட்கிறேன். அதைவிட ஒரு நூல் கூடக் கேட்கவில்லை.

சரி. எப்போதும் கைதட்டுவீர்கள், இன்று அதுவும் இல்லை. நல்லதுதான். ஆனால் நினைவிருக்கட்டும், இந்த அமைதியும் அந்த மாடிக்குக் கேட்கும்.

நான் உட்காருகிறேன். வாய்ப்புத் தந்த மன்றத்தாருக்கும்... யார் அது, முண்டியடித்துக்கொண்டு வருவது? வழி விடுங்கள், வழி விடுங்கள். தனசேகரன் அண்ணன் வருகிறார். வாருங்கள் அண்ணே. குவளையைக் கேட்டு வந்தீர்களா? இதோ, உங்கள் சொத்து, பத்திரமாக இருக்கிறது.

என்ன? வேண்டாமா?

பெரியோர்களே, அண்ணன் சொல்கிறார், சபைக்குச் சொல்கிறேன், கேளுங்கள்: “கிளாஸ நீயே வச்சுக்க வேலாயுதம். கடையில அந்தச் செவப்புச் சாயம் இன்னும் அர டப்பா கெடக்கு. இன்னிக்கே உக்காந்து, கடையில இருக்கிற அத்தன கிளாசுக்கும் பொட்டு வச்சுடறேன். நாளைக்கு எவன் எந்தக் கிளாஸ்ல குடிக்கிறான்னு எவனுக்குத் தெரியும்? புடிச்சவன் குடிக்கட்டும், புடிக்காதவன் வேற கடைக்குப் போகட்டும் லா!”

அண்ணே! ஆண்டுக்கணக்கில் மேடை மேடையாகக் கத்தினேனே, எனக்கு இது தோன்றவில்லையே அண்ணே! பொட்டை அழிக்கச் சொல்லலாம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் வைத்துவிடலாம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். வாருங்கள், நான் சொன்னால் போதாது. இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நீங்களே சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். பேச்சு வேண்டாம், ஒரு வார்த்தை போதும். அந்தக் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் இருக்கிறவருக்குச் சொல்லுங்கள்.

“மருதப்பா... நான் தனசேகரன் பேசறேன். காலைல... காலைல கோப்பி குடிக்காம போயிடாத.”

கேட்டதா தாய்மார்களே? இதுதான் இந்த ஆண்டு விழாவின் சிறப்புரை. நான் பேசியதெல்லாம் வரவேற்புரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தடியில் என்ன சத்தம்? “சன்னல்ல நிக்கிறாரு லா, எந்திரிச்சு நிக்கிறாரு!” என்கிறார் ஒரு தோழர். நிற்கட்டும். யாரும் ஓடிப்போய்க் கூச்சல் போடாதீர்கள். அவரை நிம்மதியாக நிற்க விடுங்கள். தூணோரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிற நாகூர் கனியையும் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். முத்தாயி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவசரமில்லை அக்கா. பயம் மெதுவாகத்தான் போகும்.

என் களைப்பு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கால் வலிக்கத்தான் செய்கிறது. நாளைக்கும் தைக்கத் துணி குவிந்து கிடக்கிறது. மருதப்பன் இருப்பாரா போவாரா, எனக்குத் தெரியாது. ஆனால் நாளைக் காலை என் தையல் கடையைத் திறக்குமுன் நான் அந்தப் பெஞ்சில் இருப்பேன். இடம் இருந்தால் நீங்களும் வாருங்கள். இடமில்லாத அளவுக்கு வாருங்கள்.

பொறுமையோடு தலைமை தாங்கிய பெரியவருக்கும், கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட தம்பி அஸ்மத்துக்கும், குழாயைத் திருப்பாமல் இருந்த ஒலிபெருக்கித் தம்பிக்கும், அரை வயிற்றோடு கேட்ட தாய்மார்களுக்கும், நின்ற கால் மாற்றாமல் கேட்ட தோழர்களுக்கும், சன்னலில் நின்று கேட்கிற ஒருவருக்கும் என் நன்றி. கூட்டம் முடிந்ததும் கோப்பி உண்டு, குடித்துவிட்டுப் போங்கள். காலையில் பார்ப்போம். வணக்கம்.